தாத்தாவின் லைக்காவுக்கு எந்த 50?

4 ஜூன் 2023, கேள்வி

தாத்தாவின் லைக்கா 3எஃப், பழைய ஜெர்மன் ஃபிலிம் கேமரா, என் கைக்கு வந்திருக்கிறது. கேமரா மட்டும்தான், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடி இருக்கிறது. ஷட்டர் ஒழுங்காக ஓடுகிறது. ஒரே ஒரு 50 மி.மீ லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். நான் கேட்டவர்கள் எல்லோரும் லைக்காவின் சம்மிக்ரான் லென்ஸை வாங்கு, மற்றதெல்லாம் வீண் என்கிறார்கள். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. வீட்டிலும் தெருவிலும் மனிதர்களைத்தான் எடுப்பேன், கறுப்பு வெள்ளையில். எதை வாங்கலாம் அண்ணா?

4 ஜூன் 2023, இரவு

சம்மிக்ரான் நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதான லென்ஸை அதன் பெயருக்காக வாங்காதீர்கள். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு லென்ஸ்களில் ஒன்று ஈரமான வீட்டிலும் மற்றொன்று உலர்ந்த அலமாரியிலும் வளர்ந்திருந்தால் இன்று அவை இரண்டும் வேறு வேறு லென்ஸ்கள். பூஞ்சை பிடித்த சம்மிக்ரானைவிடத் தெளிவான கண்ணாடியுள்ள எல்மார், லைக்காவின் இன்னொரு 50, எவ்வளவோ மேல்.

அவசரத்துக்கு ஒரு பதில்: பணம் குறைவென்றால் சோவியத் ஜூபிடர்-8. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எல்மார் எஃப் 3.5 அல்லது கேனான் எஃப் 1.8 (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்). மூன்றும் 39 மி.மீ திருகு கொண்டவை, உங்கள் 3எஃப்பில் நேராக மாட்டும்.

5 ஜூன் 2023

நேற்று எழுதியது போதாது. ஏன் 50 என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 3எஃப்பின் பின்புறத்தில் இரண்டு சிறு சன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் (ரேஞ்ச்ஃபைண்டர்) பார்த்து ஃபோகஸ், மற்றொன்றில் (வியூஃபைண்டர்) பார்த்துப் படத்தின் எல்லையான சட்டம். அந்தச் சட்டம் 50 மி.மீ லென்ஸுக்காகவே வெட்டப்பட்டது. வேறு லென்ஸ் மாட்டினால் கேமராவின் தலையில் தனி வியூஃபைண்டர் ஒன்று ஏற்ற வேண்டும். ஒரே லென்ஸ் என்று நீங்கள் முடிவு செய்திருப்பது அந்தக் கேமராவின் சுபாவத்துக்கு ஒத்தது.

இனி வரிசை. எல்மார்: 1920களின் நடுவில் லைக்காவின் ஊரான வெட்ஸ்லாரில் மேக்ஸ் பெரெக் கணக்கிட்டது, நான்கு கண்ணாடி, எஃப் 3.5. சம்மார்: 1933, எஃப் 2. இதன் முன் கண்ணாடி மென்மையானது. வேட்டி நுனியால் துடைத்தாலே கோடு விழும், அப்படித்தான் பல தலைமுறைகள் துடைத்திருக்கின்றன. கோடில்லாத சம்மார் கிடைப்பது அபூர்வம். சம்மிடார்: 1939, எஃப் 2, ஏழு கண்ணாடி. சம்மிக்ரான்: 1953, முதலில் உள்ளே மடங்கும் வகை, 1956இல் மடங்காத வகை. இவை லைக்காவின் சொந்தப் பிள்ளைகள்.

வெளியிலிருந்து வந்தவை: கேனான் எஃப் 1.8 (1951 முதல்), நிக்கானின் நிக்கார் எஃப் 2 மற்றும் எஃப் 1.4, சோவியத் இண்டஸ்டார்கள், ஜூபிடர்கள். நிக்காரை மேற்கு அறிந்துகொண்டது 1950இல். டோக்கியோவில் ஜுன் மிகி என்ற இளம் புகைப்படக்காரர் 85 மி.மீ நிக்காரால் எடுத்த படத்தைப் பார்த்து வியந்த அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், கொரியப் போருக்குத் தன் லைக்காவில் நிக்கார் லென்ஸ்களை மாட்டிக்கொண்டு போனார்.

5 ஜூன் 2023, இன்னும் கொஞ்சம்

கோட்டிங் (ஒளி திரும்புவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத, போருக்கு முந்தைய லென்ஸ் வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வாங்கலாம், ஆனால் உள்ளே எத்தனை பரப்புகள் காற்றைத் தொடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4, 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி சும்மா இருக்காது, உள்ளேயே அலைந்து நிழல்களின் மேல் வெள்ளைத் திரையாக விழும். எல்மாரில் ஆறு பரப்புகள். சம்மாரில் எட்டு. 1930களின் தொடக்கத்தில் சைஸ் (Zeiss) என்ற ஜெர்மன் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலெ அமைத்த சோனாரில் கண்ணாடிகள் மூன்று கூட்டங்களாக ஒட்டப்பட்டிருப்பதால் எஃப் 2 வேகத்திலும் ஆறே பரப்புகள்தான். கோட்டிங் பரவலாகாத காலத்தில் சோனார் அடர்த்தியான கறுப்பைத் தந்ததற்குக் காரணம் இதுதான். ஜூபிடர்-8 அந்த சோனாரின் வாரிசு.

சம்மிக்ரானில் பன்னிரண்டு பரப்புகள். கோட்டிங் இல்லாமல் அந்த லென்ஸே சாத்தியமில்லை.

7 ஜூன் 2023

டார்ச் பரிசோதனை. லென்ஸைக் கையில் வாங்கியதும் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, முழுவதும் திறங்கள். பின்பக்கம் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். கைப்பேசி டார்ச்சை முன்பக்கத்திலிருந்து சாய்வாகக் காட்டி மெதுவாக நகர்த்துங்கள். நேராகக் காட்டினால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சாய்க்கும்போதுதான் உண்மை வெளிவரும்.

சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. குளிர்காலக் காலையில் பஸ் கண்ணாடியில் படிந்திருப்பதுபோல் சீரான மங்கல் தெரிந்தால் எண்ணெய்ப் படலம். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை தெரிந்தால் ஒட்டுப்பசை விட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில் மெல்லிய வட்டக் கோடுகள் என்றால் யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று தூசுகளைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை படத்தில் தெரியாது. நான் அதிகம் பயப்படுவது அந்தச் சீரான மங்கலுக்குத்தான். கண்ணுக்கு எளிதில் தெரியாது, படத்தை மட்டும் தின்றுவிடும்.

கேனான் எஃப் 1.8 தேடுகிறவர்கள் அப்பர்ச்சர் தகடுகளுக்கு அடுத்துப் பின்னால் இருக்கும் கண்ணாடியைத் தனியாகப் பாருங்கள். இந்த லென்ஸின் தலைவலி அங்கேதான். தகடுகளின் எண்ணெய் ஆவியாகி அந்தப் பரப்பில் படியும். வருடக்கணக்கில் கிடந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு பிரித்துத் துடைத்தாலும் போகாது.

10 ஜூன் 2023

எஃப் 3.5 போதுமா, எஃப் 2 வேண்டுமா? நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடிய விஷயமில்லை இது. நீங்கள் எந்த அறையில் எடுப்பீர்கள் என்பதே கேள்வி.

காஞ்சிபுரத்தில் எனக்கு வேண்டிய ஒரு நெசவாளர் இருக்கிறார். குழித்தறி. சன்னல் இடது பக்கம், ஒரு முழம் அகலம். காலை பத்து மணிக்கு அவர் முகத்தில் விழும் வெளிச்சம் 400 ஐ.எஸ்.ஓ ஃபிலிமுக்கு எஃப் 2, 1/30 நொடி. அதையே எல்மாரில் எடுத்தால் ஏறக்குறைய 1/10 நொடி. தூணில் சாய்ந்துகொண்டால் என் கை அசையாமல் நிற்கும். ஆனால் அவர் கை நிற்காது, நாடா ஓடிக்கொண்டிருக்கிறதே. எல்மாரில் எடுத்த படங்களில் தறி கூர்மையாகவும் கைகள் புகையாகவும் இருந்தன. அந்தப் புகையும் அழகுதான் என்று எனக்குப் புரிய இரண்டு வருடங்கள் ஆயின.

வெயில் காலத் தெருவுக்கு எஃப் 3.5 தாராளம். மதியம் எஃப் 8இல் வைத்துவிட்டால் எந்த லென்ஸுக்கும் எந்த லென்ஸுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.

10 ஜூன் 2023, பிற்சேர்க்கை

எல்மாரில் அப்பர்ச்சரை மாற்றும் பிடி லென்ஸின் முகத்திலேயே, நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சிறு முளை. கேமராவைத் திருப்பி முன்னாலிருந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய எல்மாரில் எண்களும் வேறு: 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. லைட் மீட்டர் 5.6 என்று சொன்னால் குழம்பாதீர்கள், 4.5க்கும் 6.3க்கும் நடுவில் வையுங்கள். பின்னால் வந்த எல்மார்களில் நாம் பழகிய எண்களே உண்டு.

மடக்கி வைத்தால் கேமரா சட்டைப் பைக்குள் போய்விடும். என் மனைவி அதை முதலில் பார்த்தபோது, குக்கர் வெயிட்டை ஏன் கேமராவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் அதன் பெயர் குக்கர் வெயிட்.

14 ஜூன் 2023

வாங்கியதும் ஃபோகஸ் சரிபாருங்கள். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் பனிக் கண்ணாடிபோல் மங்கலான ஒட்டு நாடாவை விறைப்பாக ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) நிறுத்தி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லும் இடமும் நாடாவில் கூர்மையாகத் தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

15 ஜூன் 2023

மேலே எழுதியது உங்களுக்குப் பொருந்தாது, மன்னிக்கவும். நான் பயன்படுத்துவது லைக்கா எம்3. அதில் முதுகில் ஒரு கதவு உண்டு. 3எஃப்பில் அடித்தட்டு மட்டும்தான் கழலும், முதுகு மூடிய பெட்டி. நாடா ஒட்ட வழியே இல்லை.

உங்களுக்கான வழி ஃபிலிம் செலவாகும் வழி. ஏழு தீப்பெட்டிகளை எடுத்து 1 முதல் 7 வரை எண் எழுதுங்கள். மேசையில் சாய்வு வரிசையாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 செ.மீ பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, நான்காவது பெட்டிக்குச் சரியாக 1 மீட்டர் தூரத்தில் வையுங்கள். அப்பர்ச்சர் முழுத் திறப்பு. நான்காவது பெட்டியின் படத்தில் ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு 1.5 மீட்டர், 3 மீட்டர். சிவகாசி லேபிளின் பொடி எழுத்துக்களைவிட நல்ல சோதனை அட்டை கிடையாது. ஃபிலிமைக் கழுவிய பிறகு எந்த எண் கூர்மை என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடையில் கேட்கும் எந்தக் கேள்வியையும்விட இந்த ஏழு தீப்பெட்டிகள் நேர்மையாகப் பதில் சொல்லும்.

19 ஜூன் 2023

ஜூபிடர்-8ஐ முதல் நாள் முதலில் சொன்னேன். அதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். பழைய நெகட்டிவ்களை நேற்று எடுத்துப் பார்த்ததில் நினைவுக்கு வந்தது.

அதே காஞ்சிபுரத்து நெசவாளர். முகத்தை முக்கால் பங்கு திருப்பித் தறியைப் பார்க்கிறார். எஃப் 2, ஏறக்குறைய 1 மீட்டர். ஃபோகஸ் செய்தது கண்ணில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் கண் பஞ்சுபோல் இருக்கிறது. காதிலுள்ள கடுக்கனின் கல்லில் சன்னல் சட்டம் பிரதிபலிப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆறு படங்கள், ஆறிலும் கடுக்கன்தான். கை நடுங்கியிருந்தால் பிழை ஆளுக்கொரு திசையில் போயிருக்கும். ஆறும் ஒரே திசையில் என்றால் அது கணக்கு.

கணக்கு இது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ குவிய நீளத்தை நம்பிச் செய்யப்பட்டது. ஜூபிடர்-8இன் உண்மை நீளம் 52.4 மி.மீ அளவு, சைஸ் வழியிலிருந்து வந்தது. தொலைவில் இரண்டையும் ஒன்றுசேர்த்துவிடலாம். கிட்டே வர வர விலகும். 1 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ பின்னால் விழும். எஃப் 2இல் அந்தத் தூரத்தில் கூர்மையின் ஆழமோ (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) மொத்தம் 5 செ.மீக்குள்தான், இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை. கண் வெளியே போய்விட்டது, கடுக்கன் உள்ளே வந்துவிட்டது.

3 மீட்டரில் பிழை 9 செ.மீ, ஆனால் ஆழம் இருபுறமும் 20 செ.மீக்கு மேல், மறைந்துவிடும். எஃப் 5.6இல் கிட்டத்திலும் மறைந்துவிடும். ஆகவே தெருவுக்கு ஜூபிடர்-8 வாங்கலாம். வீட்டுக்குள் முகங்களைத் திறந்த அப்பர்ச்சரில் எடுப்பதாக இருந்தால், உங்கள் கேமராவுக்கு அளவு சேர்த்து யாராவது சரிசெய்த ஜூபிடரை வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னது வீடும் மனிதர்களும். முதல் நாள் உங்கள் கேள்வியைச் சரியாகப் படித்திருந்தால் இதை அன்றே எழுதியிருப்பேன்.

19 ஜூன் 2023, இரவு

ஜூபிடரே கூர்மையில்லாத லென்ஸ் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. அந்த ஆறு படங்களில் கடுக்கனைப் பாருங்கள், எவ்வளவு அழகு! பின்னணி உருகி ஓடும் விதமும் எனக்கு சம்மிக்ரானைவிடப் பிடிக்கும். இன்னொன்று, ஜூபிடரின் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் அது பிறந்த ஆண்டு. 58 என்று தொடங்கினால் 1958.

2 ஜூலை 2023

சம்மிடாரைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார். நான் சொல்கிறேன். என் முதல் எஃப் 2 லென்ஸ் அதுதான். தொடக்க கால சம்மிடாரில் பத்துத் தகடுகள், துளை வட்டமாக இருக்கும். பின்னால் ஆறாகக் குறைத்துவிட்டார்கள். திறந்து எடுத்தால் நடுவில் கூர்மை, ஓரங்களில் ஒரு சுழல். கோயில் மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே ஆளை நிறுத்தினால் தூண்கள் அவரைச் சுற்றி வளைவதுபோல் இருக்கும்.

என்னுடையதில் மங்கல் இருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மங்கல் இல்லை, உள் கண்ணாடியின் கோட்டிங்கும் இல்லை. கொடுத்த இடத்தைக் குறை சொல்லி என்ன பயன், நான்தான் விசாரிக்காமல் கொடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன்: சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்து மங்கலான லென்ஸை வாங்காதீர்கள். நம் ஊரில் இந்த லென்ஸ்களைப் பிரித்துப் பழகிய கைகள் மிகக் குறைவு.

9 ஜூலை 2023

தலைப்பைவிட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன், ஆனால் 3எஃப் வைத்திருப்பவருக்கு இது லென்ஸைவிட அவசரம். இன்று விற்கும் ஃபிலிம் சுருளின் நாக்கு உங்கள் கேமராவுக்குக் குட்டை. ஃபிலிமை அடியிலிருந்து செருகுவதால் நாக்கு 10 செ.மீ நீளத்துக்குக் குறுகலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் ஷட்டர் பக்கம் சிக்கிக் கிழியும். கத்தரிக்கோலால் நீட்டி வெட்டுங்கள். துளைகளின் நடுவே வெட்டாதீர்கள், அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

மடங்கும் லென்ஸ் வாங்கினால் இன்னொன்று: இழுத்த பிறகு திருகிப் பூட்ட வேண்டும். இழுத்துவிட்டுப் பூட்ட மறந்தால் அது மெல்ல உள்ளே நழுவும். சன்னலில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்க்கவில்லை. என் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் பாதி ரோல் அப்படிப் போயிற்று. அக்காவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

15 ஆகஸ்ட் 2023

50 மி.மீ ஒன்றே வாழ்நாள் முழுவதும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனுக்குப் பெரும்பாலும் போதுமாக இருந்தது. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்பு அவரைப் பார்த்துவிட்டு வந்தவர். 1950 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார், ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அந்த இரவில் வானத்தில் ஒளி ஒன்று நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். கையில் லைக்கா இருந்த மனிதர் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டார் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன்.

12 நவம்பர் 2023

மழை பிடித்துவிட்டது. லென்ஸ் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படியுங்கள். கேமராவோடு வந்த தோல் உறை அழகாக இருக்கும், அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. பீரோவில் பட்டுப்புடவை பக்கத்திலும் வேண்டாம், பாச்சை உருண்டையின் ஆவி லென்ஸுக்கும் ஆகாது. அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது இன்னொரு பழக்கம். அரிசியின் மாவுத்தூசி திருகு மரைகளில் ஏறிவிடும்.

காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவே. நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் வறுங்கள், நீலம் திரும்பிவிடும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே கொண்டுபோவது.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. மின்சார ஈரநீக்கி அலமாரி வாங்குங்கள் என்று தனிமடலில் சிலருக்குச் சொல்லியிருந்தேன். நான்கு நாளும் அது வெறும் மூடிய பெட்டியாக நின்றது. கூடவே சிலிக்கா ஜெல்லும் போட்டு வையுங்கள். எல்மாரும் ஜூபிடரும் நன்றாக இருக்கின்றன, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

21 ஜனவரி 2024

கேள்வி கேட்ட தம்பி கடைசியில் எல்மார் வாங்கிவிட்டார். 1950களின் சிவப்பு எண் எல்மார், கோட்டிங்கோடு. அதற்கு முன் இரண்டு கேனான்களை டார்ச்சில் பார்த்து வேண்டாமென்று திருப்பியிருக்கிறார். இரண்டிலும் அதே இடத்தில் மங்கல். வீட்டுக்குள் எடுப்பவருக்கு எஃப் 2தான் என்று நான் மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகு அந்த முடிவில் எனக்குப் பிடிப்பில்லை.

தீப்பெட்டிச் சோதனை: மூன்று தூரத்திலும் நான்காவது பெட்டி கூர்மை. எஃப் 3.5இல் 1 மீட்டரில் 8 செ.மீ ஆழம் கிடைப்பதும் உதவுகிறது.

இரண்டாவது ரோலில் அவருடைய பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். 1/20 நொடி என்கிறார், கதவு நிலையில் சாய்ந்து எடுத்தாராம். கீரைத் தண்டை முறிக்கும் விரல்கள் மட்டும் லேசாகக் கலைந்திருக்கின்றன, மூக்குத்தியும் முகச்சுருக்கங்களும் அப்படியே நிற்கின்றன. அந்தப் படத்தை நான் எடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

ஒரே குறை. இடது மேல் மூலையில் வானம் படத்துக்குள் கசிந்து வெளிறியிருக்கிறது. பக்க வெளிச்சத்தை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் ஒரு நிழல்மூடி வாங்குங்கள் தம்பி. எல்மாருக்கென்று லைக்காவே செய்த ஃபிசான் மூடி இன்னும் கிடைக்கிறது, 36 மி.மீ முகத்தில் இறுக்கிக்கொள்ளும். அப்பர்ச்சரை வைத்துவிட்டு அப்புறம் மூடியை மாட்டுங்கள். மாட்டிய பிறகு அந்த முளைக்கு நகம் எட்டாது.